ஃபயர் சயின்ஸ் படித்தால் தீயணைப்பு வீரர் ஆகலாமா?

கேள்வி இது: "பிளஸ் டூ முடித்துவிட்டேன். ஃபயர் சயின்ஸ் படித்தால் தீயணைப்புத் துறையில் வேலை கிடைக்குமா? எங்கள் ஊரில் ஓர் இன்ஸ்டிடியூட் 'ஃபயர் அண்ட் சேஃப்டி' ஓராண்டு டிப்ளமோவுக்கு 60 ஆயிரம் கேட்கிறது. அரசு வேலை நிச்சயம் என்கிறார்கள். சேரலாமா?"

முதலில் அந்த 60 ஆயிரத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. மீதியை நிதானமாகப் பேசலாம். நான் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் ஃபயர் பிரிவில் 14 வருடம் இருந்தவன். இப்போது அடுக்குமாடிக் கட்டடங்களுக்குத் தீத்தடுப்பு வரைபடம் போட்டுக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வியை வருடத்துக்கு நான்கைந்து பேராவது என்னிடம் கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டில் சிவப்பு வண்டியில் ஏறுவதற்கு ஃபயர் சயின்ஸ் பட்டம் தேவையே இல்லை. தீயணைப்பாளர் பணிக்கு ஆள் எடுப்பது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே தேர்வுதான். கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. எழுத்துத் தேர்வு, உயரம், மார்பளவு, ஓட்டம் என்று ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. அந்த இன்ஸ்டிடியூட் டிப்ளமோவுக்கு எதுவும் கிடையாது. தேர்வான பிறகு ஹோஸ் பிடிப்பதிலிருந்து ஏணி ஏறுவது வரை துறையே சொல்லிக்கொடுத்துவிடும், சம்பளமும் கொடுத்து.

நிலைய அலுவலர் பதவிக்கு ஒரு பட்டம் வேண்டும், ஏதாவது ஒரு பட்டம். மாவட்ட அலுவலர் பதவி டி.என்.பி.எஸ்.சி. குரூப்-1 தேர்வில் வருகிறது. பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் இருவரும் அந்த வழியாகத்தான் 2003இல் துறைக்குள் வந்தார்கள். நாட்டிலேயே தீயணைப்புத் துறையில் அதிகாரிகளான முதல் பெண்கள் வரிசையில் இருப்பவர்கள். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில் கலச மஹால் எரிந்தபோது உள்ளே போய், பலத்த தீக்காயத்தோடு வெளியே வந்தவர் பிரியா ரவிச்சந்திரன். அன்று பழைய கட்டடத்தின் கூரை சரிந்து தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார்.

ஆக, வண்டியில் போய்த் தீயை அணைப்பதுதான் ஆசை என்றால் வழி நேரானது. எந்தப் பட்டமாவது படியுங்கள், காலையில் எழுந்து ஓடுங்கள், தேர்வுக்குத் தயாராகுங்கள். இந்தப் பதிலை இத்தோடு மூடிவிடலாம்.

அப்புறம் ஃபயர் சயின்ஸ் எதற்கு? வண்டி வந்து சேருவதற்கு முன்னால் இருக்கும் சில நிமிடங்களுக்கு. அந்தப் படிப்பு மொத்தமும் அந்த நிமிடங்களைப் பற்றியதுதான் என்பது என் எண்ணம். எப்படி என்று சொல்கிறேன். உங்களுக்கு இது பிடிக்கிறதா என்று பார்த்தாலே, படிக்கலாமா வேண்டாமா என்பது பாதி தெரிந்துவிடும்.

பள்ளியில் நெருப்புக்கு எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் மூன்றும் வேண்டும் என்று முக்கோணம் வரைந்திருப்பீர்கள். கல்லூரியில் கேட்கிற கேள்வி வேறு: இந்த நெருப்பு எத்தனை கிலோவாட்? குப்பைக்கூடை ஒன்று எரிந்தால் சுமார் 50 முதல் 100 கிலோவாட் வரும். ஃபோம் மெத்தை வைத்த சோபா ஒன்று முழுதாகப் பிடித்துக்கொண்டால் 1,000 முதல் 3,000 கிலோவாட் வரை போகும். நம் வீட்டுக் காஸ் அடுப்பின் பெரிய பர்னர் இரண்டு, மூன்று கிலோவாட்தான். ஆயிரம் அடுப்பை ஒரே ஹாலில் ஏற்றிவைத்ததாக நினைத்துப் பாருங்கள், அதுதான் சோபா.

அடுத்த கேள்வி, எவ்வளவு வேகத்தில் வளர்கிறது? தீயின் வெப்பம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதாக எடுத்துக்கொள்வார்கள். நேரம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. 'வேகமான தீ' என்று வகைப்படுத்துவது 150 வினாடியில் 1 மெகாவாட்டை, அதாவது 1,000 கிலோவாட்டைத் தொடும். 300 வினாடியில், அதாவது ஐந்தே நிமிடத்தில், அது 4 மெகாவாட். ஆனால் சாதாரண அளவு அறை ஒன்று அவ்வளவு தூரம் தாங்காது. கூரைக்குக் கீழே தேங்கும் புகையின் வெப்பம் 600 டிகிரியை நெருங்கும்போது, கீழே இன்னும் பற்றாத மேஜை, பாய், துணி எல்லாம் அந்த வெப்பக் கதிரிலேயே ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். இதற்கு ஃபிளாஷ்ஓவர் என்று பெயர். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரையும் காப்பாற்ற முடியாது. இதெல்லாம் யாராவது 101க்குப் போன் செய்து, வண்டி கிளம்பி, சிக்னல் தாண்டி வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடக்கூடியது.

அதனால் ஒரு கட்டடத்தை வடிவமைக்கும்போது இரண்டு கணக்குப் போடுவோம். தீ தொடங்கியதிலிருந்து புகையும் சூடும் மனிதர் தாங்க முடியாத நிலைக்கு வர எவ்வளவு நேரம்? உள்ளே இருக்கும் கடைசி ஆள் வெளியே போக எவ்வளவு நேரம்? முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அதுவும் தாராளமாக. இரண்டாவது கணக்கில் நடக்கிற நேரம் மட்டும் கிடையாது. அலாரம் அடிக்க ஆகும் நேரம், அடித்த பிறகு "சும்மா டெஸ்ட் பண்றாங்க" என்று உட்கார்ந்திருக்கும் நேரம், பையை எடுக்கும் நேரம், கூட வந்தவரைத் தேடும் நேரம் எல்லாம் சேர்ந்தது. பெரும்பாலும் நடக்கிற நேரத்தைவிட இந்த உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம்.

கும்பகோணம் பள்ளித் தீ விபத்தை இந்தக் கணக்கோடு பாருங்கள். 2004 ஜூலை 16. கீழே சத்துணவு சமையல், மேலே கீற்றுக் கூரைக்கு அடியில் வகுப்புகள், இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. காய்ந்த கீற்று என்பது தீ வளரும் வகைகளில் மிக வேகமான வகை, ஒன்றிரண்டு நிமிடம்தான் தரும். சின்னப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த ஒரு படிக்கட்டில் இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? 94 குழந்தைகள் போய்விட்டார்கள். தீயணைப்பு நிலையம் பக்கத்துத் தெருவிலேயே இருந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. அந்தக் கூரைக்கும் அந்தப் படிக்கட்டுக்கும் அனுமதி கொடுக்கும் மேஜையில் இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் வந்திருக்கும்.

இந்தப் படிப்பு உருவாக்க வேண்டியது அந்த ஆளைத்தான்.

படிப்பில் வேறு என்ன இருக்கும்? இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் விடாது. அடுத்தது தண்ணீர்க் கணக்கு. 45 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியில் ஹைட்ரன்ட் (ஹோஸ் மாட்டும் தண்ணீர்க் குழாய்) முனையில் 3.5 பார் அழுத்தம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரை மேலே ஏற்ற ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் 1 பார் போய்விடும், அது 4.5. இரண்டும் சேர்ந்து 8. குழாயில் உராய்ந்து போவதையும் சேர்த்தால் பம்ப் அதற்கும் மேலே தர வேண்டும். அந்த அழுத்தம் கீழ்த் தளத்து வால்வில் அப்படியே வந்தால் ஹோஸ் பிடிப்பவரைத் தூக்கி எறிந்துவிடும், அதையும் குறைக்க வேண்டும். இந்த மாதிரிக் கணக்கில் உங்களுக்கு ருசி வருகிறதா என்பது முக்கியம். வரவில்லையென்றால் நான்கு வருடம் கஷ்டம்.

கட்டுமானம் ஒரு பாடம். எஃகு உருக வேண்டியதில்லை. 550, 600 டிகிரியிலேயே பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும் என்பதெல்லாம் அதில் வரும். 2017 மே 31 அதிகாலையில் தி.நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை எரிந்ததே, ஒரு நாளுக்கு மேல் எரிந்து ஒரு பகுதி இடிந்தும் விழுந்தது. கான்கிரீட் கட்டடம் எப்படி விழுந்தது என்று அன்றைக்கு எல்லோரும் கேட்டார்கள். அவ்வளவு நேரம் சூடேறினால் கான்கிரீட்டும் உதிரும், உள்ளே இருக்கும் கம்பியும் தளர்ந்துபோகும்.

பிறகு சட்டமும் விதியும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இன் நான்காம் பகுதி இந்தத் துறையில் எல்லோருடைய மேஜையிலும் கிழிந்துபோய்க் கிடக்கும். 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரம் உள்ளதெல்லாம் உயரடுக்குக் கட்டடம் என்று தொடங்கி, படிக்கட்டின் அகலம், வெளியேறும் வழிக்கு நடக்க வேண்டிய தூரம், தொட்டியின் கொள்ளளவு வரை அதில் இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்களுக்கு எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் (ஓ.ஐ.எஸ்.டி.) தர விதிகள் தனி. தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளருக்கு, அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வகுத்த என்.எஃப்.பி.ஏ. 13 என்ற விதி இங்கேயும் புழங்குகிறது. (சினிமாவில் ஒரு சிகரெட்டுக்கு எல்லா ஸ்பிரிங்க்ளரும் ஒன்றாகப் பொழியும். நிஜத்தில் ஒவ்வொரு ஸ்பிரிங்க்ளர் முனையிலும் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ், சாதாரணமாக 68 டிகிரிக்கு. எது சூடேறுகிறதோ அது மட்டும் உடைந்து திறக்கும்.)

சரி, எங்கே படிப்பது?

பழைய பெயர் என்றால் நாக்பூர் தேசியத் தீயணைப்புக் கல்லூரி. 1956இல் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் தொடங்கி, மறு ஆண்டே நாக்பூருக்கு வந்துவிட்டது. மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ஃபயர் இன்ஜினியரிங் பட்டத்தோடு, பணியில் இருக்கும் தீயணைப்பு அதிகாரிகளுக்கான பயிற்சிகளும் அதே வளாகத்தில்தான் நடக்கின்றன. அதனால் ஒரு பக்கம் கால்குலஸ், மறுபக்கம் டிரில் என்று போகும். எண்ணெய், எரிவாயுப் பொதுத்துறை நிறுவனங்களின் ஃபயர் அதிகாரிகளில் நாக்பூர்க்காரர்கள் நிறைய. அங்கே படித்த முதல் பெண் ஹர்ஷினி கன்ஹேகர், 2002இல் சேர்ந்தவர். பிறகு ஓ.என்.ஜி.சி.யில் அதிகாரியானார்.

நமக்குப் பக்கத்தில் கொச்சி. குசாட் என்று சொல்லப்படும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, தீப் பொறியியலில் பி.டெக். இருக்கிறது. சேர்வதற்கு அவர்களே நடத்தும் 'கேட்' என்ற நுழைவுத் தேர்வு. ஐ.ஐ.எம். தேர்வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பெயர் மட்டும்தான் ஒன்று. பிளஸ் டூ முடித்த கையோடு தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போக எனக்குப் பிடித்த இடம் இது. தமிழ்நாட்டிலும் அண்மை ஆண்டுகளில் சில பொறியியல் கல்லூரிகள் இதே பெயரில் பி.இ. தொடங்கியிருக்கின்றன. சேருவதற்கு முன் நேரில் போய் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். சுவரில் நான்கு எக்ஸ்டிங்விஷரை மாட்டி 'ஃபயர் லேப்' என்று போர்டு வைத்திருந்த இடத்தை நானே பார்த்திருக்கிறேன். அந்த எக்ஸ்டிங்விஷர்களின் சோதனைத் தேதி முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

என் பிள்ளையாக இருந்தால் நான் வேறு மாதிரிதான் சொல்வேன். முதலில் மெக்கானிக்கல் அல்லது கெமிக்கல் படி. பிறகு தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொறியியலில் முதுகலை: திருச்சி என்.ஐ.டி.யில் இருக்கிறது, சிவகாசி மெப்கோவில் இருக்கிறது. பட்டாசு ஆலைகளுக்கு நடுவிலேயே பாதுகாப்புப் படிப்பு இருப்பது பொருத்தம்தான். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஆலை வெடித்து நாற்பது பேர் அளவில் இறந்தார்கள், அதில் உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்தவர்களும் உண்டு. மெக்கானிக்கலை முதலில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் எளிது. பதினெட்டு வயதில் ஆசை மாறும். மெக்கானிக்கல் பட்டம் இருந்தால் வேறு பக்கமும் திரும்பலாம். ஆனால் இதற்கு எதிர் வாதமும் இருக்கிறது: பொதுத்துறை நிறுவனங்கள் ஃபயர் அதிகாரிக்கு ஆள் எடுக்கும்போது ஃபயர் இன்ஜினியரிங் பட்டத்தைப் பெயர் சொல்லியே கேட்பதுண்டு. அந்த வேலைதான் வேண்டும் என்று இப்போதே உறுதியாக இருந்தால் நாக்பூருக்கோ கொச்சிக்கோ போங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

விமான நிலையம் இன்னொரு வாசல். இந்திய விமான நிலைய ஆணையத்தின் தீயணைப்புப் பிரிவில் ஜூனியர் எக்சிகியூட்டிவ் பணிக்கு ஃபயர், மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பட்டம் எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்குக் கீழ்ப் பணிக்குப் பிளஸ் டூவோ டிப்ளமோவோ போதும், கூடவே ஓட்டுநர் உரிமம் கேட்பார்கள். மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையிலும் ஃபயர் கான்ஸ்டபிளுக்குத் தனியாக ஆள் எடுக்கிறார்கள், பிளஸ் டூ அறிவியல் பாடத்தோடு.

அடுத்தது 'சேஃப்டி ஆபிசர்' என்ற சொல். ஊர் இன்ஸ்டிடியூட்கள் எல்லாம் பிழைப்பது இதில்தான். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 40பி பிரிவு, ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதை 500 ஆகவும், ஆபத்தான வேலைகளுக்கு 250 ஆகவும் குறைத்தது. அதனால் தேவை கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் சட்டம் சொல்கிற பாதுகாப்பு அலுவலர் ஆவதற்கு வழக்கமாகக் கேட்கப்பட்டு வந்த தகுதி என்ன? பொறியியல் பட்டமும் தொழிற்சாலையில் மேற்பார்வைப் பணியில் இரண்டு வருட அனுபவமும், அல்லது இயற்பியல், வேதியியல் பட்டமோ பொறியியல் டிப்ளமோவோ இருந்து ஐந்து வருட அனுபவமும். இவற்றுக்கு மேல், மாநில அரசு அங்கீகரித்த தொழிற்சாலைப் பாதுகாப்புப் படிப்பு. இன்னொன்றும் உண்டு, தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும். வட மாநிலத் தொழிலாளர்கள் நிறைந்த இன்றைய சைட்களில் கொஞ்சம் இந்தியும் கற்றுக்கொள்வது நல்லது என்பேன். "நெருப்பு, ஓடு" என்பதை அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லத் தெரியாதவர் அங்கே எதற்கு?

அந்த அங்கீகரித்த படிப்புக்குச் சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையத்தைத்தான் நாங்கள் எல்லோரும் சொல்வோம். அங்கே 'ஏடிஐஎஸ்' என்ற தொழிற்சாலைப் பாதுகாப்பு உயர் டிப்ளமோவை ஓராண்டுப் படிப்பாக நடத்துகிறார்கள். பிளஸ் டூ முடித்து நேராகச் சேர முடியாது. பட்டமும் அனுபவமும் கேட்பார்கள். உங்கள் ஊர் டிப்ளமோ இந்த வரிசையில் எங்கேயும் வராது என்பதைக் கவனியுங்கள்.

வளைகுடாவுக்குப் போக 'நெபோஷ்' எடுக்கச் சொல்வார்கள். அது பிரிட்டனைச் சேர்ந்த தேர்வு வாரியம் தரும் சான்றிதழ், மதிப்புள்ளதுதான். ஆனால் அனுபவத்துக்கு மேல் வைக்கும் முத்திரை அது. வேலையே பார்க்காமல் அதை மட்டும் வாங்கிவைத்திருக்கும் பையன்கள், ஏதோ ஒரு சைட்டில் குறைந்த சம்பளத்துக்கு ஹெல்மெட் போடச் சொல்லிக்கொண்டு நிற்பதை நிறையப் பார்த்துவிட்டேன். அதிலும் தப்பில்லை, அங்கிருந்து மேலே வந்தவர்களும் உண்டு. ஆனால் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

வேலை எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆலையில் என் பெரும்பாலான நாட்கள் பெர்மிட்டில்தான் போயின. யாராவது வெல்டிங் செய்ய வேண்டுமென்றால் ஹாட் வொர்க் பெர்மிட், அதாவது தீப்பொறி பறக்கும் வேலைக்கான எழுத்து அனுமதி வேண்டும். கையில் காஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போவேன், பள்ளம், வடிகால், குழாய் முனை எல்லாம் பார்ப்பேன். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், பள்ளத்தில்தான் ஒளிந்திருக்கும். காற்றில் வெறும் இரண்டு சதவீதம் அளவுக்குக் கலந்தாலே பற்றத் தயாராகிவிடும். மீட்டர் பூஜ்யம் காட்டினால்தான் கையெழுத்து. பின்னால் நிற்கும் கான்ட்ராக்டர் "சார், நேரம் ஆகுது சார்" என்று புலம்பிக்கொண்டே இருப்பார். வருடக்கணக்கில் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காத நாளிலும் அந்தப் பள்ளத்தில் குனிந்து பார்க்கும் பொறுமை உள்ளவருக்கான வேலை இது. சாகசம் தேடுபவருக்கு அலுத்துவிடும்.

கட்டட வேலையும் அப்படித்தான். ஒருமுறை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆய்வுக்குப் போயிருந்தேன். பம்ப் அறையில் மூன்று பம்ப்: மின்சாரத்தில் ஓடும் மெயின், கரண்ட் போனால் ஓட டீசல், குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ள ஜாக்கி. பெயின்ட் பளபளவென்று இருந்தது. பேனலைப் பார்த்தால் மெயின் பம்ப்பின் சுவிட்ச் 'ஆஃப்'. ராத்திரியில் தானாக ஓடிச் சத்தம் போடுகிறது என்று யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். டீசல் பம்ப்புக்குப் பேட்டரி செத்துப்போயிருந்தது. ஜாக்கி மட்டும் ஓடிக்கொண்டிருந்ததால் பிரஷர் மீட்டர் முள் நல்ல நிலையைக் காட்டியது. மாதாமாதம் அந்த முள்ளை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் பராமரிப்பு ஆள். எங்கேயோ கசிவு இருந்ததால்தான் மெயின் பம்ப் ராத்திரியில் ஓடியது. கசிவைச் சரிசெய்யாமல் பம்ப்பை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு விஷயத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள். கண் மருத்துவரிடம் போய் நிறக்குருடு சோதனை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளுக்கு நடுவே எண்ணைப் படிக்கச் சொல்லும் அந்தச் சோதனைதான், சில நிமிடம்கூட ஆகாது. சீருடை, விமான நிலையம் இரண்டிலும் கண் பார்வைக்கும் நிறப் பார்வைக்கும் கறாரான அளவு வைத்திருக்கிறார்கள். நான்கு வருடம் ஃபயர் இன்ஜினியரிங் முடித்துவிட்டு மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வந்த ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது டிசைன் பக்கம் நன்றாகத்தான் இருக்கிறார், ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த இன்ஸ்டிடியூட்டுக்கு இன்னொரு முறை போவதானால், பணம் எடுத்துப் போகாதீர்கள். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். சான்றிதழில் கையெழுத்துப் போடுவது எந்தப் பல்கலைக்கழகம், எந்த வாரியம்? அரசு அங்கீகாரம் என்றால் அந்தக் கடிதத்தின் நகல் எங்கே? போன வருடம் படித்தவர்களில் அரசு வேலைக்குப் போனவர்கள் இரண்டு பேருடைய போன் நம்பர் கிடைக்குமா? "எல்லாம் ஹெட் ஆபீஸில் இருக்கு, முதல்ல அட்வான்ஸ் கட்டிடுங்க" என்று பதில் வந்தால், தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.